டேட்டாபேஸ் கிளையண்ட் தன் என்கோடிங்கை யாரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்?

இளவல் (ஈரோடு) கேட்டது

எல்லாருக்கும் வணக்கம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு உறுப்பினர் பதிவேடு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். சர்வரில் டெபியன் லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். அதன் என்கோடிங் (எழுத்துகளை எந்த பைட்டுகளாக வைப்பது என்ற முறை) யுடிஎஃப்-8. கிளையண்ட் சி மொழியில், போஸ்ட்கிரெஸின் சி நூலகமான லிப்பிக்யூவை நேரடியாகக் கூப்பிடுகிறது. அலுவலக மெஷின்கள் எல்லாம் விண்டோஸ். ஜிடிகே நூலகத்தில் செய்த திரையில் பெயர், முகவரி அடிக்க வேண்டும். பழைய பட்டியல் கோப்புகளை ஏற்ற வேண்டும். ராத்திரி கிரானில் (குறித்த நேரத்தில் நிரலைத் தானே ஓட்டும் லினக்ஸ் வசதி) அறிக்கை ஓட வேண்டும். கிளையண்ட் செய்யும் வேலை இவ்வளவுதான்.

கூட வேலை பார்க்கும் அண்ணன், "என்கோடிங்கை லோக்கேலைப் பார்த்து எடு, பிஎஸ்கியூஎல் அப்படித்தான் எடுக்கிறது" என்கிறார். லோக்கேல் என்பது மெஷினின் மொழி, எழுத்து அமைப்பு. பிஎஸ்கியூஎல் போஸ்ட்கிரெஸின் டெர்மினல் கருவி. கோடிலேயே யுடிஎஃப்-8 என்று எழுதிவிடலாம் என்பது என் எண்ணம். "பயனருடைய மெஷின் சொல்வதை நீ மறுக்கக் கூடாது" என்று அவர் விடாமல் சொல்வதால் எனக்கும் குழப்பமாகிவிட்டது.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. சோதனைக்காகப் பெயர்களை இன்சர்ட் வரிகளாக ஒரு கோப்பில் போட்டு, விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் பிஎஸ்கியூஎல்லுக்கு -எஃப் (இந்தக் கோப்பைப் படி என்ற ஆப்ஷன்) கொடுத்து ஏற்றினோம். மாலா, கோமதி, சரளா, ராதா உள்ளே போய்விட்டார்கள். முருகன், கண்ணன், செல்வி, ஐயப்பன் போகவில்லை. விண்டோஸின் ஐரோப்பிய எழுத்து என்கோடிங்கான வின்1252-இல் உள்ள இந்த பைட்டுக்கு யுடிஎஃப்8-இல் இணை இல்லை என்று எரர். அதிலும் கண்ணனுக்கு 8டி, முருகனுக்கு 81, ஐயப்பனுக்கு 90 என்று ஆளுக்கு ஓர் எண். உள்ளே போன மாலாவை எங்கள் திரையில் பார்த்தால் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ, மறுபடி ஆர் என்று போகிறது. அதே கோப்பை -எஃப் இல்லாமல், அம்புக்குறி போட்டு உள்ளே தள்ளினால் எல்லாப் பெயரும் ஒழுங்காக ஏறுகிறது!

ஏன் இப்படி? என் கிளையண்ட் எதைப் பின்பற்ற வேண்டும்?

டிபிஏ கோதை

தம்பி, உன் கேள்விக்கான பதில் அந்தப் பெயர்ப் பட்டியலிலேயே இருக்கிறது. அதை முதலில் பிரித்துப் பார்ப்போம்.

யுடிஎஃப்-8-இல் நம் அன்றாட எழுத்து ஒவ்வொன்றுக்கும், குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். 'ம' என்றால் 224, 174, 174. கால் 224, 174, 190. புள்ளி 224, 175, 141. உகரக் குறி 224, 175, 129. 'ஏ' 143-இலும் 'ஐ' 144-இலும் முடியும்.

விண்டோஸ்-1252-இல் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. அந்த அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. அதில் 129 உகரக் குறியின் கடைசி பைட், 141 புள்ளியின் கடைசி பைட், 143-உம் 144-உம் ஏ, ஐ. ஆகவே உன் கோப்பை 1252 என்று நினைத்துப் படிக்கும் சர்வர், புள்ளியோ உகரமோ வந்த பெயரில் முட்டி நிற்கிறது. எரரில் வந்தவை பதினாறடி (ஹெக்ஸ்) எண்கள். 8டி என்பது 141. 81 என்பது 129. 90 என்பது 144. எரர் சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறது.

மாலாவிலும் கோமதியிலும் இந்த நான்கும் கிடையாது. அதனால் ஒவ்வொரு பைட்டும் ஓர் ஐரோப்பிய எழுத்தாக எடுத்துக்கொள்ளப்பட்டு, மறுபடி யுடிஎஃப்-8 ஆகி டேபிளில் உட்கார்ந்துவிட்டது. மாலாவின் நீளத்தைக் கேட்டுப் பார். 4 வரவேண்டிய இடத்தில் 12 வரும். பைட் அளவு 12-க்கு 24.

எரர் வந்த பெயர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஏறவில்லை என்று தெரிந்துவிட்டது, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். சத்தமே இல்லாமல் ஏறிய பெயர்கள்தான் ஆபத்து. பிஎஸ்கியூஎல் எரர் வந்தாலும் நிற்காமல் அடுத்த வரிக்குப் போகும், ஆன்_எரர்_ஸ்டாப் போட்டால்தான் நிற்கும். இன்னும் மோசம், அதே விண்டோஸ், அதே பிஎஸ்கியூஎல் வழியாக மாலாவைக் கோப்பில் எடுத்து நோட்பேடில் திறந்தால் 'மாலா' என்றே தெரியும். உள்ளே போன வழியிலேயே வெளியே வருவதால் பைட்டுகள் பழையபடி ஆகிவிடும். சோதிப்பவர் "சரியாக இருக்கிறதே" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். ஒரு நெசவாளர் அம்மாவின் பெயர் ஆண்டுக்கணக்கில் அப்படிக் கிடந்து, உதவித்தொகைப் பட்டியலோடு ஒப்பிடும் நாளில் பொருந்தாமல் போனால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

இப்போது -எஃப் விவகாரம். 2011-இல் வந்த 9.1 முதல் பிஎஸ்கியூஎல் ஒரு விதி வைத்திருக்கிறது. உள்ளீடு, வெளியீடு இரண்டுமே டெர்மினலாக இருந்தால் கிளையண்ட் என்கோடிங்கை 'ஆட்டோ' என்று வைத்து லோக்கேலிலிருந்து எடுக்கும். இரண்டில் ஒன்று டெர்மினல் இல்லையென்றாலும் அப்படி எடுக்காது. டேட்டாபேஸின் என்கோடிங்கே கிளையண்டுக்கும் ஆகிவிடும். நீ -எஃப் கொடுத்தபோது கோப்பு தனியாகத் திறக்கப்பட்டது, ஆனால் உள்ளீடும் வெளியீடும் டெர்மினலாகவே இருந்தன. விண்டோஸ் லோக்கேல் 1252 என்றது, யுடிஎஃப்-8 கோப்பு 1252 ஆகிப் போனது. அம்புக்குறி போட்டபோது உள்ளீடு டெர்மினல் இல்லை, டேட்டாபேஸின் யுடிஎஃப்-8 நின்றது, எல்லாரும் ஏறினார்கள். போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவியான பிஜி_டம்ப் எடுக்கும் கோப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், கிளையண்ட் என்கோடிங் இன்னது என்று கோப்பின் தலையிலேயே எழுதியிருப்பது.

உன் அண்ணன் சொல்லும் பிஎஸ்கியூஎல் உதாரணத்தைச் சரியாகப் படித்தால் அது உன் பக்கம்தான் பேசுகிறது. பிஎஸ்கியூஎல்லுக்குத் தன்னிடம் வரும் பைட்டுகள் என்னவென்று தெரியாது. கீபோர்டில் அடித்ததை டெர்மினல் எப்படிக் கொடுத்ததோ அப்படியே தள்ளிவிடுகிறது. அதனால் டெர்மினலின் லோக்கேலைக் கேட்கிறது. அந்த இடத்தில் அது நியாயம். உன் திரை அப்படியா? ஜிடிகே தரும் ஸ்ட்ரிங் எப்போதும் யுடிஎஃப்-8, மெஷின் எந்த லோக்கேலில் இருந்தாலும். கையில் இருப்பது யுடிஎஃப்-8 என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, சர்வரிடம் 1252 என்று சொல்வது பொய் சொல்வதுதான்.

என் தீர்ப்பு இது: பைட்டுகளை உண்டாக்கிய கோடுதான் என்கோடிங்கை அறிவிக்க வேண்டும், வேறு யாரையும் கேட்கக் கூடாது. கனெக்ஷன் ஸ்ட்ரிங்கிலேயே கிளையண்ட்_என்கோடிங் யுடிஎஃப்8 என்று போடு. ரோலுக்கு (டேட்டாபேஸ் பயனர் கணக்கு) அட்மின் வேறு ஏதாவது வைத்திருந்தாலும் கனெக்ஷனில் வந்ததுதான் நிற்கும். இணைந்த பிறகு சர்வர் திருப்பிச் சொல்லும் கிளையண்ட்_என்கோடிங் மதிப்பை லிப்பிக்யூவில் பேராமீட்டர் ஸ்டேட்டஸ் வழியாகப் படித்து, யுடிஎஃப்8 இல்லையென்றால் அங்கேயே இணைப்பை முறித்துவிடு. ஜாவா டிரைவரும் இதைத்தான் செய்கிறது. தானே யுடிஎஃப்8 வைக்கிறது. நடுவில் யாராவது மாற்றினால் எரர் தருகிறது.

லினக்ஸ் வாத்தியார்

கோதை சொல்வதில் திரை பற்றியதை ஏற்கிறேன். ஆனால் லோக்கேலை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். லினக்ஸில் இன்று எந்த டெஸ்க்டாப்பை எடுத்தாலும் லோக்கேல் யுடிஎஃப்-8தான். லோக்கேலைக் கேட்கும் கிளையண்டும் சரியாகவே வேலை செய்யும். பயனர் வேண்டுமென்றே வேறு ஒன்றை வைத்திருந்தால் அதை மதிப்பதுதானே யூனிக்ஸ் மரபு? கிரானில் ஓடும் அறிக்கைக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

டிபிஏ கோதை

சார், மரபை மதிக்கிறேன். ஆனால் கிரானைச் சொன்னீர்களே, லோக்கேல் அதிகமாகக் கைவிடும் இடமே அதுதான். கிரானில் ஓடும் வேலைக்கு உங்கள் லாகின் ஷெல்லில் இருக்கும், லோக்கேலைச் சொல்லும் 'லேங்' என்ற சூழல் மாறி வந்து சேரும் என்று நம்ப முடியாது. வராவிட்டால் லோக்கேல் வெறும் 'சி' (எந்த மொழியையும் குறிக்காத அடிப்படை லோக்கேல்). லினக்ஸின் அடிப்படை சி நூலகமான கிளிப்சியிடம் கோட்செட் என்னவென்று கேட்டால் ஆன்சி எக்ஸ்3.4-1968 என்று, ஆங்கில எழுத்து மட்டும் உள்ள ஆஸ்கியின் பழைய பெயரைச் சொல்லும். லிப்பிக்யூவின் 'ஆட்டோ' இதைப் பார்த்து எஸ்கியூஎல்_ஆஸ்கி என்று வைக்கும். அப்படி வைத்தால் மாற்றமே செய்யாதே என்று அர்த்தம். டேட்டாபேஸ் யுடிஎஃப்-8 ஆக இருப்பதால் அறிக்கை சரியாக வந்துவிடும். ஆனால் அது தற்செயல். பகலில் கையால் ஓட்டினால் ஒரு அமைப்பு, ராத்திரி தானே ஓடினால் வேறு அமைப்பு என்று இருக்கும் நிரலை நான் பராமரிக்க மாட்டேன்.

விண்டோஸில் நிலைமை இன்னும் தெளிவு. தமிழுக்கு அங்கே ஆன்சி கோட்பேஜே (1252 போன்ற பழைய எழுத்து அட்டவணை) கிடையாது. தமிழ் லோக்கேல் யூனிகோடு மட்டும். ஆங்கிலம் (இந்தியா) என்று வைத்தால் ஆன்சி பக்கம் 1252, கன்சோல் 437. அதனால்தான் பிஎஸ்கியூஎல் திறந்தவுடன் இரண்டும் வேறுபடுகின்றன என்று எச்சரிக்கை வருகிறது. ஆக, தமிழ்ப் பெயர் வைத்திருக்கும் ஒருவர் விண்டோஸ் லோக்கேலைக் கேட்டால் சரியான பதில் வரவே வராது. யுடிஎஃப்-8-ஐ எல்லா மொழிக்கும் பயன்படுத்து என்ற 'பீட்டா' பெட்டியில் டிக் போட்டால்தான் உண்டு. சங்க அலுவலகத்தில் யார் போய் அதைத் தேடுவார்கள்?

மற்றவர்களும் லோக்கேலை விட்டு விலகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜாவா 18, 2022-இல், இயல்பு என்கோடிங்கை எல்லா இயங்குதளத்திலும் யுடிஎஃப்-8 ஆக்கிவிட்டது. பைத்தான் 3.7-இலேயே 'சி' லோக்கேல் வந்தால் யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

மைஎஸ்கியூஎல் மணி

நான் மைஎஸ்கியூஎல் ஆள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கம் காலி இடமே இல்லை. மைஎஸ்கியூஎல்லின் லத்தீன்1 உண்மையில் 1252தான், ஆனால் அந்த ஐந்து இடங்களையும் அப்படியே நிரப்பிவிட்டார்கள். ஆகவே இளவலுக்கு வந்த எரர் எங்களுக்கு வராது. முருகனும் மாலாவும் சேர்ந்தே கெட்டுப்போய் உள்ளே உட்காருவார்கள். 8.0 வரும்வரை லத்தீன்1-தான் இயல்பு என்பதால், இப்படிக் கெட்ட தமிழ்த் தரவுள்ள பழைய தளங்கள் ஏராளம். எரர் தந்த போஸ்ட்கிரெஸுக்கு நன்றி சொல்லுங்கள்.

அங்கே சி-யில் எழுதுபவர்கள் என்கோடிங்கைச் சொல்ல செட் நேம்ஸ் என்று ஒரு குவெரியாக அனுப்பக் கூடாது. அது சர்வருக்கு மட்டும்தான் தெரியும், கையில் இருக்கும் சி நூலகத்துக்குத் தெரியாது. எஸ்கேப் செய்யும் ஃபங்ஷன் பழைய என்கோடிங்கை நினைத்துக்கொண்டே வேலை செய்யும். மைஎஸ்கியூஎல்_செட்_கேரக்டர்_செட் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் இருவருக்கும் தெரியும்.

அப்புறம் 'யுடிஎஃப்8' என்று வைக்காமல் 'யுடிஎஃப்8எம்பி4' வையுங்கள். பழையது மூன்று பைட்டோடு நின்றுவிடும். நம் அன்றாட எழுத்துகளுக்கு அது போதும். ஆனால் 2019-இல் யூனிகோடு 12.0-இல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகள், முந்திரி, மாகாணி எல்லாம், நான்கு பைட். பழைய நிலப் பத்திரம், கணக்கு ஏடு தட்டச்சு செய்பவர்களுக்கு இது தேவைப்படும்.

வவுனியா வாசன்

கோதை அக்கா சொன்னது திரைக்கும் கிரானுக்கும் சரி. ஆனால் தம்பி, நீங்கள் பழைய கோப்புகளை ஏத்தப் போறன் என்றீர்கள். அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

எங்கட பக்கம் கனகாலமாகப் பாமினி எழுத்துருவிலதான் எல்லாம் அடிச்சது. பாமினியில 'அம்மா' என்று அடிச்சால் கோப்புக்குள்ள இருப்பது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அவ்வளவுதான். எல்லாம் ஆஸ்கி. அதை யுடிஎஃப்-8 என்றாலும் சரி, 1252 என்றாலும் சரி, எந்தச் சோதனையும் பிடிக்காது. எரர் இல்லாமல் ஏறிவிடும். எழுத்துரு போன நாளில பெயரும் போய்விடும். கிளையண்ட் என்கோடிங் அமைப்பால இதைத் தீர்க்க ஏலாது. ஏத்த முதல் யூனிகோடுக்கு மாத்திப்போட்டுத்தான் ஏத்த வேணும்.

டிஸ்கி (பழைய தமிழ் என்கோடிங்) கோப்பு என்றால் கொஞ்சம் சுகம். கிளிப்சியின் ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும், யுடிஎஃப்-8 ஆக மாத்தித் தரும். போஸ்ட்கிரெஸின் என்கோடிங் பட்டியலில டிஸ்கி இல்லை, அதனால சர்வர் மாத்தும் என்று காத்திருக்க வேண்டாம்.

தமிழ்நாட்டுக் கோப்புகளில டாம், டாப் என்று இன்னும் வேற பழைய என்கோடிங்குகளும் இருக்கும். ஒரே பட்டியலில இரண்டு எழுத்துரு கலந்தும் வரும். ஏத்த முதல், தொடக்கத்தில இருக்கிற சில வரிகளைத் திரையில காட்டி, "பெயர் சரியாத் தெரியுதா?" என்று ஆளைக் கேளுங்கோ. நிரல் தானாக ஊகிக்கிறதை விட அந்த ஊரில இருக்கிற ஒருவர் பார்த்துச் சொல்வதை நான் நம்புவன்.

இளவல்

எல்லாருக்கும் நன்றி. அண்ணனிடம் இந்தத் திரியைக் காட்டினேன். 141 விஷயத்தைப் படித்ததும் அவரே உட்கார்ந்து பெயர் பெயராகச் சரிபார்த்தார். திரைக்கும் கிரானுக்கும் கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் யுடிஎஃப்8 என்று முடிவாகிவிட்டது. வாசன் அண்ணை, நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. சங்கத்தில் கொடுத்த கோப்புகளில் ஒன்றைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் இருக்கிறது.

கோதை அக்கா, இன்னும் மூன்று சந்தேகம். ஏற்றும் கோப்புக்கு என்கோடிங்கை எங்கே சொல்வது? ஏற்கெனவே கெட்டுப்போய் உள்ளே இருக்கும் மாலாக்களை எப்படி மீட்பது? யாராவது மெஷினில் பிஜிகிளையண்ட்என்கோடிங் என்ற சூழல் மாறியை வைத்திருந்தால் அதை நான் மதிக்க வேண்டுமா?

டிபிஏ கோதை

கோப்பு: திரைக்கு வைத்த அமைப்பைத் தொடாதே. 9.1 முதல், கோப்பை டேபிளில் ஏற்றும் காப்பி கட்டளைக்கே தனியாக என்கோடிங் ஆப்ஷன் இருக்கிறது. அந்தக் கோப்புக்கு மட்டும் பொருந்தும். காப்பியில் இன்னொரு நன்மை, நடுவில் ஒரு வரி கெட்டாலும் முழுக் கோப்பும் நிற்கும், பாதி மட்டும் ஏறிய நிலை வராது. இயல்பாக யுடிஎஃப்-8 என்று வை, வேறு என்றால் பயனர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கட்டும். வாசன் சொன்ன முன்பார்வையைக் கட்டாயம் வை. எக்செல்லில் இருந்து வரும் சிஎஸ்வி என்றால் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையில் சேமிக்கச் சொல். வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகித்தான் உன் கைக்கு வரும், அதை யாராலும் மீட்க முடியாது. அதனால் பெயர் கட்டத்தில் வரிசையாகக் கேள்விக்குறி கண்டால் கோப்பைத் திருப்பி அனுப்பு.

மாலாக்கள்: இவர்களை முழுசாக மீட்கலாம். கன்வர்ட்_டூ ஃபங்ஷனில் பெயரை வின்1252 ஆக்கி, வருகிற பைட்டுகளை கன்வர்ட்_ஃப்ரம் ஃபங்ஷனில் யுடிஎஃப்8 என்று படி. போன வழியிலேயே திரும்பி வருவதுதான். ஆனால் டேபிள் முழுக்க ஒரே அப்டேட்டாக ஓட்டினால் ஒழுங்கான தமிழ்ப் பெயர் வந்த இடத்தில் எரர் வந்து நின்றுவிடும், ஏனென்றால் தமிழுக்கு 1252-இல் இடமில்லை. அந்த எரர் உனக்குப் பாதுகாப்பு, நல்ல பெயர் கெடாது. குவெரியின் நிபந்தனைப் பகுதியில் சாய்கோட்டு ஏ-வும் வட்ட ஆரும் அடுத்தடுத்து வரும் வரிகளை மட்டும் எடு. முதலில் செலக்ட் போட்டு பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார், பிறகு டிரான்சாக்ஷனுக்குள் அப்டேட். பெயர் கட்டத்தை மட்டும் பார்த்து நிறுத்தாதே. முகவரி, தகப்பனார் பெயர், வாரிசுதாரர் பெயர் எல்லாவற்றிலும் தேடு. அப்படியே எரர் வந்து விடுபட்டவர்களையும் மூலக் கோப்போடு ஒப்பிட்டு ஏற்று.

சூழல் மாறி: திரையும் கிரானும் அதை மதிக்க வேண்டாம். கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் நீ வெளிப்படையாகச் சொன்னால் லிப்பிக்யூ சூழல் மாறியைப் பார்க்காது, நீ தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்த மாறி பிஎஸ்கியூஎல் போன்ற டெர்மினல் கருவிகளுக்கு வைத்தது. சங்கத்தில் யாராவது விண்டோஸில் -எஃப் கொடுத்துக் கோப்பு ஏற்றுவார்கள் என்றால், அந்த மெஷினில் நீயே அதை யுடிஎஃப்8 என்று வைத்துவிட்டு வா. கன்சோலில் தமிழ் அலங்கோலமாகத் தெரியலாம், கோப்பு சரியாக ஏறும்.